மூன்றாவது படி

காங்கேசன்துறையிலும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலும் வாழ்ந்த மக்கள், 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தம் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். கையில் எடுத்துச் செல்ல முடிந்தவை சிலவே. எம் வீட்டில் அன்னையார் காணி உறுதியை மடியிலே கட்டிக்கொண்டு புறப்பட்டார். சுவரலமாரியில் இருந்த படத்தொகுதி அங்கேயே கிடந்தது. ஆண்டுகள் பல கழிந்து, காணி விடுவிக்கப்பட்டு நாம் மீண்டும் சென்றபோது அலமாரியும் இல்லை, அது பதிந்திருந்த சுவரும் இல்லை. உறுதியை அன்னையார் வழியிலே தொலைத்திருப்பினும் அதன் பிரதியொன்றைத் தேடிப் பெற ஒரு வழி இருந்தது. படங்களுக்கு அத்தகைய வழி இருக்கவில்லை. இவ்வேறுபாடு எதனால் வந்தது என்னும் வினாவே இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாய். இக்காலத்துச் சிறுவரும் கையில் வைத்திருக்கும் திறன்பேசி, தன்னிடமுள்ளவற்றை 'முகில்' எனப்படும் தொலைதூரச் சேமிப்பகத்தோடு எவ்வாறு ஒத்திசைத்துக்கொள்கின்றது, அவ்வழக்கம் எவ்வாறு வந்தது, அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்பனவும் அவ்வினாவின் விடையினுள்ளே அடங்கும்.

முதலில் உறுதியின் கதையைக் கேளுங்கள். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டின் காணி உறுதிகளுக்கு ஓர் ஒழுங்கை விதித்தது. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது அதனை ஒன்றாக எழுதி விடுவதில்லை. உரியவர் கையில் ஒரு படி சேர்கின்றது. இன்னொரு படி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. மூன்றாவது படியை நொத்தாரிசே தம்மிடம் வைத்துப் பேணுகின்றார். வீடு எரிந்தாலும் பதிவகத்தில் ஒன்று இருக்கும்; பதிவகத்துக்குக் கேடு வந்தாலும் நொத்தாரிசிடம் ஒன்று இருக்கும். மூன்று இடங்களும் ஒருங்கே அழிதல் அரிது என்பதே இவ்வொழுங்கின் அடிப்படை. ஒரு பொருள் பிழைப்பது அதனை வைத்த பெட்டியின் உறுதியால் அன்று, வேறிடத்தில் அதற்கொரு பிரதி இருப்பதால் என்பதை இச்சட்டம் ஓசையின்றிச் சொல்லி வைத்தது.

இவ்வுண்மையை யாழ்ப்பாணம் மிகக் கொடிய முறையிலும் அறிந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் அச்சில் வந்த நூல்கள் பலவற்றுக்கு உலகின் வேறு மூலைகளில் பிரதிகள் இருந்தன. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை நாம் இன்றும் படிக்கின்றோம். கிறிஸ்தோபர் பிரிற்றோ 1879இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டிருந்தமையும், தமிழ் மூலமும் அச்சேறியிருந்தமையுமே அதற்குக் காரணம். ஆனால், வேறெங்கும் படி எடுக்கப்படாதிருந்த ஏடுகள் அவ்விரவோடு போயின, போனவை போனவையே. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்திலே சேர்த்து வருவதன் பின்னணியில் இந்த நெருப்பின் நினைவு இருப்பதை நாம் உணரலாம்.

உறுதியும் நூலும் எழுதி முடிந்தபின் மாறாதவை. ஆதலால் ஒருமுறை படியெடுத்து வேறிடத்தில் வைத்தாற் போதும். நாள்தோறும் மாறுகின்ற ஒன்றுக்கு என் செய்வது? பாடசாலை மாணவர் இடாப்பை எண்ணிப் பாருங்கள். இன்று ஒரு பிள்ளை சேரும், நாளை ஒரு பிள்ளை விலகும். அலுவலகத்தில் ஒன்றும் வகுப்பறையில் ஒன்றுமாக இரண்டு இடாப்புகள் இருந்தால், ஒரு மாதத்துள் இரண்டும் இரு வேறு கதை சொல்லும். இரண்டையும் ஓயாமல் ஒன்றுபோல் வைத்திருக்கும் வேலைக்குத்தான் ஒத்திசைவு என்று பெயர். பிரதி செய்தல் பழைய கலை. ஒத்திசைத்தலோ கணினி யுகத்தின் கலை.

அக்கலையின் தொடக்கத்தை 1980களில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலே காண்கின்றோம். அங்கே 'ஆண்ட்ரூ' என்னும் பெயரால் ஒரு கோப்பு முறைமை அமைக்கப்பட்டது. மாணவர் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் தம் கோப்புகளை நடுநாயகமான வழங்கியிலிருந்து பெறலாம். பெற்ற கோப்பின் பிரதி அக்கணினியிலும் தங்கும். "இக்கோப்பை வேறு எவரேனும் மாற்றினால் உனக்கு அறிவிப்பேன்" என வழங்கி ஒரு வாக்குறுதியும் கொடுக்கும். அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பயின்ற மகாதேவ் சத்யநாராயணன். வலையமைப்பு அறுந்துபோனால் வேலை நின்றுவிடலாகாது என்று கருதி, அவர் 1987இல் 'கோடா' என்னும் அடுத்த முறைமையைத் தொடங்கினார். அவரும் ஜேம்ஸ் கிஸ்லரும் 1991இல் வெளியிட்ட ஆய்வுரை, தொடர்பறுந்த கணினியின் வாழ்வை மூன்று நிலைகளாகப் பகுத்தது. தொடர்பு உள்ளபோது வேண்டியவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்தல் முதலாவது. தொடர்பு அற்றபோது கையிருப்பைக் கொண்டே வேலை செய்து, செய்த மாற்றங்களைக் குறித்து வைத்தல் இரண்டாவது. தொடர்பு மீண்டதும் அக்குறிப்பை வழங்கியிடம் ஒப்புவித்து ஒன்றிணைதல் மூன்றாவது. மாரிக்கு விறகு சேர்த்து வைக்கும் குடியானவனின் முறையே இது. இன்றைய திறன்பேசியும் இதே மூன்று நிலைகளில்தான் இயங்குகின்றது.

1996ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத் தக்கது. 'பாம் பைலட்' என்னும் கையடக்கக் கருவி அவ்வாண்டு சந்தைக்கு வந்தது. அதனைத் தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், கருவியின் முகவரிகளும் நாட்குறிப்பும் மேசைக் கணினியோடு ஒத்திசைந்தன. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் போல் மெக்கராசும் 'ஆர்சிங்க்' என்னும் நிரலை வெளியிட்டனர். ஒரு கோப்பில் ஓரிடம் மாறியிருந்தால் முழுக்கோப்பையும் அனுப்பாது, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் வழியை அது காட்டியது. 2006இல் அமேசான் நிறுவனம் தன் சேமிப்பகத்தை வாடகைக்கு விடத் தொடங்கியது. பேருந்தில் ஏறியபின் நினைவுக்கோலை மறந்து வந்ததை உணர்ந்த ட்ரூ ஹூஸ்டன் என்னும் இளைஞர், அராஷ் ஃபெர்தோசியோடு சேர்ந்து 2007இல் 'டிராப்பாக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2007இல் வந்த ஐபோனைக் கணினியோடு வடத்தால் இணைத்தே ஒத்திசைக்க வேண்டியிருந்தது. 2011 ஒக்ரோபரில் 'ஐகிளவுட்' வந்தபின் வடத்தின் தேவை ஒழிந்தது. 2012 ஏப்ரலில் 'கூகுள் டிரைவ்' வந்தது. முகில் என்ற சொல் வானத்தைக் குறித்ததன்று. பொறியியலாளர் தம் வரைபடங்களில், உள்ளே நடப்பதை விவரிக்காமல் விட்ட வலையமைப்பை முகில் வடிவாக வரைந்த வழக்கத்திலிருந்து அது வந்தது.

இனி நடைமுறையைப் பார்ப்போம். 2015 சனவரியில் மீண்டும் புகைவண்டி வந்து சேர்ந்த காங்கேசன்துறை நிலையத்திலே, ஒரு மாணவி தன் பாட்டனாரைப் படம் பிடிக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். படம் பதிந்தவுடன் கைப்பேசி அதனை 'அனுப்ப வேண்டியவை' என்னும் வரிசையில் சேர்க்கின்றது. அலைத்தொடர்பு இல்லையாயின் வரிசை பொறுத்திருக்கும். தொடர்பு வந்ததும் கைப்பேசி அக்கோப்பிலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணிக்கின்றது. அதே கோப்பை எத்தனை முறை கணித்தாலும் அதே எண்தான் வரும். ஒரு புள்ளி மாறினாலும் எண் வேறாகிவிடும். ஆகவே, அவ்வெண்ணைக் கேட்ட வழங்கி, அப்படம் தன்னிடம் ஏற்கெனவே உண்டா என்பதைப் படத்தைப் பாராமலே சொல்லிவிடும். இல்லையென்றால் படம் பயணப்படும். பெரிய கோப்புகள் துண்டுகளாக்கி அனுப்பப்படுகின்றன. டிராப்பாக்ஸ் 4 மெகாபைற்றுத் துண்டுகளைப் பயன்படுத்தியது. இடையிலே தொடர்பு அறுந்தால் விட்ட துண்டிலிருந்து தொடரலாம். சேமிப்பகம் கடல் கடந்த நாடொன்றில் இருப்பின், அத்துண்டுகள் கடலடி வடங்களின் வழியே செல்கின்றன. படம் போய்ச் சேர்ந்ததும் வழங்கி அம்மாற்றத்துக்கு ஒரு தொடரெண் இடுகின்றது. மாணவியின் மற்றைக் கருவிகள் தாம் கடைசியாகக் கண்ட தொடரெண்ணைச் சொல்லி, "இதன்பின் நிகழ்ந்தவை யாவை?" என்று வினவுகின்றன. நிகழ்ந்தவற்றை மட்டும் பெற்றுக்கொள்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் தோன்றும். ஒரே குறிப்பைத் தந்தை ஒரு கைப்பேசியிலும் மகள் இன்னொன்றிலும், தொடர்பில்லாத வேளையிலே, வெவ்வேறாகத் திருத்தினால் எது மெய்? கருவிகளின் கடிகாரங்களை மட்டும் நம்புதல் ஆகாது என்பதை லெஸ்லி லம்போட் 1978இலேயே விளக்கிவிட்டார். எது முன், எது பின் என்பதை நிகழ்ச்சிகளின் தொடர்பைக் கொண்டே துணிய வேண்டும். ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்த இரண்டு திருத்தங்களுள் எதனையும் முந்தியதென்று சொல்ல முடியாது. சில முறைமைகள் பிந்தி வந்ததை ஏற்று மற்றையதைக் கைவிடுகின்றன. சில இரண்டையும் வைத்துக்கொண்டு உரியவரிடமே தீர்ப்பை விடுகின்றன. இரண்டாவது முறை நமக்குப் புதிதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது எதிர்கொண்ட இடரும் இத்தகையதே. பல ஊர் ஏடுகள் பல பாடங்களைக் காட்டின. ஏடு பெயர்த்தெழுதியோர் ஒருவரை ஒருவர் அறியாது எழுதியமையால் வந்த வேறுபாடு அது. பதிப்பாசிரியர் பாடபேதத்தை அழித்துவிடாமல் குறித்து வைப்பதன் பயன் யாதெனில், பின்வருவோர் தாமே ஆராய்ந்து தேர இடமிருத்தலாம்.

நேயர்களே, இதுவரை சொன்னது ஒத்திசைவின் சிறப்பு. இனி அதன் ஆபத்தைச் சொல்ல வேண்டும்; இன்றைய பேச்சின் நோக்கமும் அதுவே. ஏடுகள் தனித்தனியே கிடந்தமையால் ஒன்றில் நேர்ந்த பிழை மற்றொன்றைத் தொடவில்லை. ஒத்திசைந்த பிரதிகளோ ஒன்றின் வழியே மற்றொன்று நடப்பவை. ஆகையால், ஓரிடத்தில் சேர்த்தது எங்கும் சேர்வதுபோலவே ஓரிடத்தில் அழித்தது எங்கும் அழியும். எம்மூரிலே ஒரு பெண்மணி, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று, 'முகிலிலே இருக்கின்றனதானே' என்னும் நம்பிக்கையில் காலஞ்சென்ற கணவரின் படங்களைக் கைப்பேசியிலிருந்து நீக்கினார். கருவி தன் கடமையைச் செய்தது. முகிலிலும் அவை நீங்கின. நீக்கியவை குப்பைக்கூடையிலே சில காலம் தங்கும். ஐகிளவுட் படங்களுக்கு 30 நாள், கூகுள் படங்களில் சேமித்தவற்றுக்கு 60 நாள். அவர் அறிந்தபோது அந்த நாட்களும் கடந்திருந்தன.

முகிலும் தவறலாம். 2009 ஒக்ரோபரில் அமெரிக்காவிலே 'சைட்கிக்' என்னும் கைப்பேசியின் வழங்கிகள் பழுதுற்றன. அக்கருவி முகவரிகளையும் படங்களையும் வழங்கியையே நம்பி வைத்திருந்தது. மின்கலத்தைக் கழற்ற வேண்டாம், கருவியை அணைக்க வேண்டாம் என்று பாவனையாளருக்கு அறிவித்தல் விடுக்கப்பட்டது. கருவியில் எஞ்சியிருந்ததும் அணைத்தால் போய்விடும் என்பதே காரணம். பின்னர் பெரும்பகுதி மீட்கப்பட்டதாயினும், பல நாள் அவர்கள் அடைந்த கலக்கம் சிறிதன்று. இன்னுமொன்று. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் நிறுவனம் 2023இல் விதி வகுத்தது. பெற்றோர் மறைந்தபின் அவர்தம் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல்லைப் பிள்ளைகள் அறியாராயின், அதிலுள்ள படங்களும் ஒருநாள் மறையக்கூடும்.

ஆகவே, ஒத்திசைவு வேறு, காப்புப் படி வேறு என்பதை மனத்திற் கொள்க. கைப்பேசியும் முகிலும் இரண்டு இடங்களாயினும் ஒரே உயிரை உடையவை. நெருப்பும் இடப்பெயர்வும் திருட்டும் வந்தால் அவற்றுள் ஒன்று மற்றொன்றைக் காக்கும். நம் கைப்பிழையிலிருந்து காக்காது. நொத்தாரிசு தம்மிடம் வைத்துக்கொள்ளும் மூன்றாவது படி, மற்றை இரண்டுக்கும் நேர்வது எதனையும் பொருட்படுத்தாமல் இருந்த இடத்தில் இருக்கும். அத்தகைய படியொன்று நமக்கும் வேண்டும். ஆண்டுக்கொருமுறை, பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாளிலே, முதன்மையான படங்களையும் ஆவணங்களையும் தனியானதொரு வன்தட்டில் பதிந்து, அதனை உறவினர் வீடொன்றில் வைத்தல் எவர்க்கும் இயலும். மிக வேண்டிய சிலவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்தால் இன்னும் நன்று.

எம் வீட்டுப் படத்தொகுதி மீளவில்லை. ஆயினும், 1990க்கு முன்னர் அன்னையார் தம் தமக்கையாருக்குக் கடிதத்தோடு அனுப்பிய ஒரு படம் ரொறன்ரோவிலே பத்திரமாக இருந்தது. பெரிய தாயார் அதனைக் கைப்பேசியால் படம் பிடித்து அனுப்பினார். கிணற்றடியிலே பாட்டியார் நிற்கின்றார். பின்னால் அந்தப் பழைய சுவர் தெரிகின்றது. அது இப்போது எம் கைப்பேசியில் இருக்கின்றது, முகிலிலும் இருக்கின்றது. அச்சிட்ட படியொன்றைக் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கின்றோம்.