மதிய உணவும் காரணத்தை அளக்கும் கணக்கும்

ஒரு சமூக மாற்றத்துக்கு எது காரணம், அதன் பங்கு எவ்வளவு என்பதைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கணிக்கும் முறைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயின. அவற்றின் பயனையும் எல்லையையும் தமிழ்நாட்டின் மதிய உணவுத் திட்ட வரலாற்றில் காணலாம்.

சின்ன காஞ்சிபுரத்தின் கேள்வி

வரதராஜப் பெருமாள் கோயில் அமைந்துள்ள சின்ன காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்கள் வாழும் பகுதி. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. மூன்றாவது நாடாவைத் தள்ள நெசவாளருக்கு ஓர் உதவியாள் வேண்டும். பல வீடுகளில் சிறுவர்களே அவ்வேலையைச் செய்தனர். பின்னர் அவர்கள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றனர். மதிய உணவு, 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், அருகில் வந்த பள்ளிகள், நெசவு வருமானம், பெற்றோரின் விருப்பம் எனப் பல காரணங்கள் ஒரே காலத்தில் செயல்பட்டன. ஒவ்வொன்றின் பங்கையும் எப்படிப் பிரிப்பது?

முறையின் தொடக்கம்

பிரிட்டிஷ் புள்ளியியலாளர் உட்னி யூல், 1899-இல் இங்கிலாந்தில் அரசு நிவாரணம் பெறும் ஏழைகளின் எண்ணிக்கை மாறியதற்கான காரணங்களை ஆராய்ந்தார். நிவாரண முறை, முதியோர் விகிதம், மக்கள்தொகை ஆகியவற்றை ஒரே சமன்பாட்டில் வைத்துக் கணித்தார். 'காரணமாக' என்று தான் எழுதியதை 'தொடர்புடையதாக' என்றே கொள்ள வேண்டும் என அடிக்குறிப்பும் இட்டார்.

தமிழ்நாட்டில்

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920-இல் பி.தியாகராய செட்டி காலத்தில் மதிய உணவு தொடங்கியது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமாகியது. அதே ஆண்டுகளில் பள்ளிகளில்லாத ஊர்களில் பள்ளிகளும் திறக்கப்பட்டன. ஆகவே மாணவர் சேர்க்கை உயர்ந்ததில் உணவின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாதவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு அளிக்கப்பட்டது. திட்டம் நடந்த பகுதிகளையும் நடக்காத பகுதிகளையும் ஒப்பிட்டு விளைவை அறிய முடியும். ஆனால் 1 ஜூலை 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் கிராமங்கள் எங்கும் தொடங்கியது. காஞ்சிபுரத்தில் பிறந்த சி.என்.அண்ணாதுரையின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று அது நகரங்களுக்கும் வந்தது. இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளுக்கு உணவு கிடைத்ததால், உதவி பெறாத பகுதி என ஒன்று இல்லாமலாகியது. பசித்த குழந்தைகளுக்கு அது நன்மை, ஒப்பீட்டுக்கு இழப்பு.

பயன்

ஒப்பீடு இருக்கும் இடத்தில் இம்முறைகள் கண்ணுக்குத் தெரியாததையும் காட்டுகின்றன. 2001-இல் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டாலும் மாநிலங்கள் அதை வெவ்வேறு காலங்களில் நிறைவேற்றின. அந்தக் கால இடைவெளியைப் பயன்படுத்திய ஓர் ஆய்வு 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியாகியது. பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்கள் தாயானபோது அவர்களின் குழந்தைகள் கூடுதல் உயரம் பெற்றதாக அது கணித்தது. ஒரு தலைமுறை கடந்து வரும் விளைவை நேரில் பார்த்து அறிய இயலாது.

எல்லை

எந்தக் கணக்கும் சில அனுமானங்களின் மேல் நிற்பது. பதிவு செய்யப்படாத காரணத்தை அது அறியாது. பள்ளி வருகைப் பதிவேட்டில் உணவுக்கு இடமுண்டு. மகன் தறியில் அமர வேண்டாம் என ஒரு தாய் எடுத்த முடிவுக்கு இடமில்லை.

15 செப்டம்பர் 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 25 ஆகஸ்ட் 2023-இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. இடைப்பட்ட மாதங்கள் ஓர் ஒப்பீட்டுக்கு வாய்ப்பளித்தன. எனினும் முதற்கட்டப் பள்ளிகள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல.

நலத்திட்டத்தின் பயன் நிறுவப்படவில்லை என்பதும் பயனே இல்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவதை இரண்டாவதாகப் படித்தால், அனைவருக்கும் ஒரே நாளில் உணவளித்த திட்டமே முதலில் கைவிடப்படும். அதேபோல, சேர்க்கை உயர்ந்ததாலேயே முழுப் பெருமையையும் ஒரு திட்டத்துக்கு அளிப்பதும் பிழை. யூலின் அடிக்குறிப்பு இரு தரப்புக்கும் பொருந்தும்.