மாலை வகுப்பும் கணிப்பொறிக் கல்வியும்

தமிழகத்திலிருந்து வேலை நாடி வடக்கே வந்த நம் முன்னோரில் பலருக்கு, மெட்ரிகுலேஷன் சான்றிதழும் தட்டெழுத்துச் சான்றிதழுமே கைப்பொருளாக இருந்தன. பகலில் கிடைத்த வேலை, மாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்பது அந்நாளைய வழக்கம். லோயர் தேறியவருக்குக் குமாஸ்தா வேலை கிட்டிற்று. அத்துடன் நில்லாது ஹையரும் சுருக்கெழுத்தும் பயின்றவரே ஸ்டெனோகிராபர்களாகவும், பின்னர் உயர் அதிகாரிகளின் அந்தரங்கக் காரியதரிசிகளாகவும் உயர்ந்தனர். முதற்படி வாயிலைத் திறந்தது. இரண்டாம் படியே உள்ளே இடம் தந்தது. கணிப்பொறிக் கல்வியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அதனைச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இந்திய ரயில்வேயில் கணிப்பொறி புகுந்தது 1960களில் ஆகும். ஊதியப் பட்டியல், சரக்குக் கணக்கு முதலியவற்றிற்காக ஐ.பி.எம். 1401 இயந்திரங்கள் நிறுவப்பெற்றன. 1959இல் அறிமுகமான அவ்வியந்திரத்தின் நினைவகம், மிகப் பெரிய அமைப்பிலும் 16,000 எழுத்துகளையே கொள்ளும். இதனைப் போன்ற மூன்று நான்கு கட்டுரைகளே அதனை நிரப்பிவிடும்! துளையிட்ட அட்டைகளின் வாயிலாகவே அதற்கு ஆணைகள் ஊட்டப்பட்டன. அவ்வாணைத் தொடரை, அதாவது புரோகிராமை, எழுத அறிந்தோர் மிகச் சிலரே.

அக்கலையை உழைப்போர்க்கும் எட்டச் செய்த முயற்சிகளுள் கான்பூரில் நடந்தது குறிப்பிடத்தக்கது. 1963இல் அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 நிறுவப்பெற்ற பின்னர், வெளியிடங்களில் பணிபுரிவோர்க்கும் ஃபோர்ட்ரான் மொழியில் குறுகிய காலத் தீவிர வகுப்புகள் நடத்தப்பெற்றன. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் பேராசிரியர் வி. ராஜாராமன் ஒருவர். ஈரோட்டில் பிறந்து, தில்லியில் மதராஸிக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் பயின்றவர் அவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். புரோகிராமிங் குறித்து 1969இல் அவர் வெளியிட்ட நூல், பல்லாண்டுகள் இந்திய மாணவரின் முதற்புத்தகமாக விளங்கிற்று.

எனினும், ஓர் இயந்திரத்தை மட்டும் அறிந்த அறிவு நெடுநாள் நிலைப்பதில்லை. அந்நிய மூலதனத்தைக் குறைக்குமாறு அரசு விதித்த நிபந்தனையை ஏற்காது, 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கிற்று. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசின் சி.எம்.சி. நிறுவனத்தைச் சார்ந்தது. நாளடைவில் 1401 மறைந்தது. அதற்கே உரிய ஆட்டோகோடர் மொழியும் உடன் மறைந்தது. அம்மொழியின் ஆணைகளை மட்டும் மனனம் செய்திருந்தவருக்குப் பிற்காலத்தில் அவற்றால் பயனில்லை. கணக்கைப் பகுத்து, வழிமுறை வகுத்து, பிழை கண்டு திருத்தும் முறையை அறிந்திருந்தவருக்கோ புதிய மொழியும் எளிதில் வசப்படும்.

1980களில் நிலைமை மாறிற்று. 1981இல் என்.ஐ.ஐ.டி.யும், 1986இல் ஆப்டெக்கும் தோன்றின. 1984இல் அரசு கணிப்பொறிக் கொள்கையைத் தளர்த்தியது. 1985இல் புதுதில்லியில் சி.எம்.சி. உருவாக்கிய கணிப்பொறி முன்பதிவு தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே ரயில்வேக்கெனக் கிரிஸ் என்னும் தகவல் அமைப்பு மையம் நிறுவப்பட்டது. நகரந்தோறும் மாலை வகுப்புகள் பெருகின. பேசிக், கோபால் என்னும் சொற்கள் வீடுகளிலும் ஒலித்தன. ஆயினும் சான்றிதழ்களுக்குப் பொது அளவுகோல் இல்லை. ஆறு திங்கள் பயின்றவர், அடுத்து எதனைப் பயில்வது என்றறியாது நின்றனர்.

இக்குறையை நீக்கவே, 1990இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இணைந்து டோயக் தேர்வுத் திட்டத்தைத் தொடங்கின. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். ஓ நிலை அடிப்படை. ஏ நிலை உயர் டிப்ளமோ. அவற்றிற்கு மேலே பி நிலையும் சி நிலையும் முதுநிலைப் பட்டங்களுக்கு ஒப்ப வகுக்கப்பட்டவை. அங்கீகாரம் பெற்ற நிலையத்திலும் பயிலலாம். உரிய தகுதியுடையோர் தாமே படித்தும் தேர்வெழுதலாம். வேலையை விடாமலே படிப்படியாக ஏறத்தக்க ஏணி உழைப்போர்க்கு வாய்த்தது. 2011இல் அவ்வமைப்பு நீலிட் என்னும் பெயர் பெற்றது. ஓ நிலையில் சி மொழி இருந்த இடத்திற்குப் பின்னர் பைத்தான் வந்தது. மொழி மாறினும் ஏணி மாறவில்லை.

இரண்டாம் படியில் கற்பது யாது என வினவலாம். நம் முன்பதிவு அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். தூரத்தையும் வகுப்பையும் பெற்றுக் கட்டணத்தைக் கணக்கிடும் புரோகிராமை முதற்படி மாணவரே எழுதிவிடுவார். ஆனால் ஒரே வண்டியில் எஞ்சியுள்ள ஒரே படுக்கையைத் தில்லியில் ஒருவரும் செகந்திராபாதில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்பின் என் செய்வது? ஒருவரது வேலை முடியும்வரை அப்பதிவைப் பூட்டிவைத்து, மற்றவரைக் காத்திருக்கச் செய்தல் வேண்டும். இடையே தொடர்பு அறுந்தால், பாதியில் நின்ற வேலையை நீக்கிப் பழைய நிலைக்கு மீளல் வேண்டும். தரவுத்தளம், தரவுகளின் அமைப்பு, இயக்க முறைமை, வலைப்பின்னல் ஆகியவற்றைக் கற்றாலன்றி இது கைகூடாது. கிரிஸ் உருவாக்கிய கான்சர்ட் முறை 1994இல் செகந்திராபாதில் தொடங்கி, 1999இல் ஐந்து முன்பதிவு மையங்களையும் இணைத்து வெற்றி கண்டது இத்தகைய அறிவினாலேயே ஆகும்.

முதற்படியுடன் நிற்பவர் பிறர் எழுதிய ஆணைக்கு விசை தட்டுபவராகவே இருப்பர். அவ்விசையைத் தட்டும் வேலையையும் இயந்திரமே ஏற்கும் காலம் இது. 2002இல் இணையவழிப் பயணச்சீட்டு வந்த பின்னர், கவுண்டரின் முன் நின்ற வரிசை குறைந்ததை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். ஆதலின் இரண்டாம் படி ஏறுதல் நம் மக்களின் பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும்.

ஷிப்டு முடித்து வந்தவர் புத்தகத்தை எடுப்பது எளிதன்று. அவருக்கு நாள்தோறும் ஒரு மணி நேர அமைதியை அளிப்பது குடும்பத்தாரின் கடமை. சமையலும் பிள்ளைகளும் என மாலைப் பொழுது முழுவதையும் தந்துவிடும் பெண்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் வாய்த்தல் வேண்டும். சங்கக் கட்டடத்தில் வாரம் இரண்டு மாலைகள், முன்னே கற்றவர் பின்னே வருவோர்க்குச் சொல்லித்தர முன்வருவாராயின், தொலைவில் உள்ள நிலையத்தைத் தேடி அலையாமலே பலர் அடுத்த படியில் கால் வைப்பர். வரும் ஆண்டில் இதனைத் தொடங்குமாறு சங்க அன்பர்களை வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.