பெமலும் தங்க வயல் தமிழரும்

நம் காலனியில் ‘பெமல்’ என்னும் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. 1964 மே திங்களில் நடுவணரசு நிறுவிய பாரத் எர்த் மூவர்ஸ் லிமிடெட்டின் சுருக்கப் பெயரே அது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்சின் இரயில் பெட்டிப் பிரிவை ஏற்று, 1965 சனவரியில் பெங்களூரில் வேலை தொடங்கிற்று.

புல்டோசர் ஆலை கோலார் தங்க வயலில் அமைந்தது. சுரங்கப் பாறை சுமக்கும் டம்பர் லாரிகளுக்காக 1984-இல் மைசூர் ஆலை எழுந்தது. 205 டன் தாங்கும் டம்பரும் பின்னர் அங்கே உருவாயிற்று. 1986-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் டட்ரா லாரிக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. அவ்வண்டியின் முதுகெலும்பு ஒரே குழாய். சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். மணலும் மேடுபள்ளமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. பிருத்வி ஏவுகணையைச் சுமந்ததும் அதுவே. ஆயினும் ஓட்டுநர் இடப்புறம் அமரும் அமைப்பு நெடுநாள் மாறாதிருந்தது. நம் சாலைக்கு அது பொருந்துமோ! 2012-இல் அதன் கொள்முதல் பற்றிய குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தையும் கலக்கியது.

தங்க வயலுக்கு மீள்வோம். 1880-ஐ ஒட்டி ஆங்கிலேயர் சுரங்கம் வெட்டியபின், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் பெருந்திரளாக அங்கே சென்று உழைத்தனர். பொன் அருகிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பெமல் ஆலையோ நிலைத்தது. பாட்டன் பாறை குடைந்த ஊரில் பேரன் பாறை புரட்டும் பொறி செய்தான். ஆனால் சுரங்கத்தார் அனைவருக்கும் அங்கே இடமில்லை. அவர்தம் மக்கள் பலர் இன்றும் விடியுமுன் இரயிலேறி, வேலை நாடிப் பெங்களூர் வருகின்றனர்.