பழனி ஆசிரமத்தில் இசை பயின்ற கொச்சி இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன்

மலையாளத் திரையுலகில் 'அர்ஜுனன் மாஸ்டர்' என்று அழைக்கப்பட்ட இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன், 1936-ஆம் ஆண்டு மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலருள் இவரே இளையவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரை, வறுமை காரணமாகக் குடும்பத்தினர் தமிழகத்தின் பழனியில் உள்ள ஜீவகாருண்ய ஆனந்தாசிரமத்துக்கு அனுப்பினர். அவரது இசைப் பயிற்சி அங்குதான் தொடங்கியது.

கொச்சி திரும்பிய அவர், நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்தும் இசையமைத்தும் வாழ்ந்தார். இசையமைப்பாளர் ஜி. தேவராஜனுடனும் பணியாற்றினார். 1968-இல் 'கறுத்த பௌர்ணமி' படத்தின் மூலம் திரையுலகில் அறிமுகமானார். பின்னர் கவிஞர் ஸ்ரீகுமாரன் தம்பியுடன் இணைந்து அவர் அளித்த பாடல்கள் பெரும் புகழ் பெற்றன.

அவரது பாடல்களுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர்களுள் ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகரும் ஒருவர். சேகரின் மறைவுக்குப் பின்னர், இளம் வயது ரகுமானுக்குக் கீபோர்டு வாசிக்கும் வாய்ப்பை அளித்தவர் அர்ஜுனன்.

200-க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தபோதிலும், திரையிசைக்கான கேரள அரசின் விருது அவருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. நாடக இசைக்காகப் பலமுறை மாநில விருது பெற்ற அவருக்கு, ஜெயராஜ் இயக்கிய 'பயானகம்' படத்துக்காக 2017-ஆம் ஆண்டுக்கான சிறந்த இசையமைப்பாளர் விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் 80 வயதைக் கடந்திருந்தார்.

கொரோனா பொது முடக்கம் நடைமுறையில் இருந்த 2020 ஏப்ரல் 6-ஆம் தேதி, கொச்சி பள்ளுருத்தியில் உள்ள தமது இல்லத்தில் அவர் காலமானார்.