பல்லக்கும் உப்புப் பொதியும்

விடுமுறை பிறந்ததும் நம் பள்ளிக்கூடங்களிலிருந்து மாணவர் வண்டி வண்டியாகப் புறப்படுகின்றனர். புத்தளத்துக் கரையில் அரை நாள், கற்பிட்டிக் கோட்டையில் ஒரு மணி நேரம், பின்னர் மலைநாடு, சிவனொளிபாதமலை என்பது பலரும் அறிந்த பயண ஒழுங்கு. கடலில் தொடங்கி மலையில் முடியும் இப்பயணத்தை 1344ஆம் ஆண்டிலேயே மேற்கொண்டு அதனை விரிவாகச் சொல்லியும் வைத்த ஒருவர் உண்டு. அவர் மொரோக்கோ நாட்டவரான இபுனு பதூதா.

மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய மரக்கலத்தைக் காற்று இலங்கையின் பக்கம் தள்ளியது. அவர் 'பத்தாளா' என்று குறிக்கும் ஊரைப் புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர் கொள்கின்றனர். மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய ஊர் அது. வெள்ளம் அடித்துக் கொணர்ந்த கறுவா மரங்கள் கரையிற் குன்றுபோற் கிடந்தன என்கிறார். அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார், முத்துக்களைக் காட்டினார், வேண்டியதைக் கேள் என்றார். ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் விருந்தினர். உடனே பல்லக்கு வந்தது. வழித்துணையாக நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் அரசனின் பரிவாரத்தினர் பதின்மரும் வந்தனர். உணவு சுமக்கப் பதினைந்து பேர் வந்தனர்.

தமிழ் அரசன், முஸ்லிம் யாத்திரிகர், இந்து யோகிகள், பௌத்தரும் போற்றும் மலை என்று இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் எடுத்துச் சொல்வதுண்டு. சொல்ல வேண்டியதுதான், இக்காலத்தில் இன்னும் உரத்தே சொல்ல வேண்டும். ஆயினும் பல்லக்குத் தானாக நடக்கவில்லை. அதைத் தோளிற் சுமந்தவர்கள் அரசனின் அடிமைகள் என்று நூலே கூறுகிறது. காட்டு வழியிற் காலைக் கவ்வும் அட்டையைப் பற்றியும், அதன்மீது எலுமிச்சஞ்சாறு பிழியும் வழக்கத்தைப் பற்றியும் அவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிற பயணி, சுமந்தவர்களில் ஒருவருடைய பெயரையும் தரவில்லை. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அக்காலத்து நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டன.

கரையிலிருந்து மலைக்குச் சென்ற சுமைகளில் பல்லக்கு எப்போதோ ஒன்று. நாள்தோறும் சென்ற சுமை உப்பு. மலைநாட்டில் உப்பு விளையாது. அது இன்றி அங்கே சோறும் இல்லை, கருவாடும் இல்லை. கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டின் ஒரு பெரும்பகுதி உப்பையும் மீனையும் பெறும் துறைமுகம் புத்தளம் என்று எழுதினார். பொதிமாட்டின் முதுகிலும் மனிதர் தோளிலும் உப்பு மேலே சென்றது. பாக்கு முதலியன கீழே வந்தன.

இதனை நம்மவரைவிட நன்கு விளங்கிக்கொண்டவர்கள் ஒல்லாந்தர். 1667 முதல் 1676 வரை அவர்கள் கற்பிட்டியிற் கோட்டை கட்டியது கடற்காற்று வாங்குவதற்காக அன்று. களப்பின் வாயைப் பிடித்தவன் கண்டியின் தொண்டையைப் பிடித்தவனாவான் என்று அவர்கள் கணக்கிட்டனர். பின்னர் ஒரு போர் மூண்டது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டியரசன் கரையோரம் முழுவதையும் இழந்தான். 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்களும் உப்பைத் தம் ஏகபோகமாக்கி வருமானம் கண்டனர். இன்று நம் மாணவர் அக்கோட்டைச் சுவரருகே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். அச்சுவர் யாருடைய கஞ்சிக்கு எதிராக எழுப்பப்பட்டது என்பதை உடன் செல்லும் ஆசிரியர் சொன்னால் நன்று. அதே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் தொகுத்து ஓர் அகராதியே வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இக்கரைக்கு வந்தவர் எல்லாரும் பல்லக்கில் வந்தவரல்லர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீட்டையும் கடையையும் பறிகொடுத்து வந்தவருட் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தங்கினர். ஓலைக் குடிசைகளில் இருந்துகொண்டு தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலிக்குச் சென்றனர். தமிழில் எழுதும் நாம் புத்தளத்தைப் பற்றிப் பேசும்போது இதனை மறைத்துப் பேசுவது அறமாகாது.

பின்னர் சுற்றுலா வந்தது. கற்பிட்டியின் 14 தீவுகளைச் சேர்த்து அரசாங்கம் பெருந்திட்டம் ஒன்று வகுத்தது. காணியும் கரைவலைப் பாடும் பறிபோகும் என்று மீனவர் எதிர்த்து எழுந்தனர். விடுதிக்காரரின் கண்ணில் அது வெறுங்கரை. வலை இழுப்பவனுக்கோ எந்த முழம் யாருடைய பாடு என்று தெரியும்.

உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன. களப்பு நீரை வாய்க்கால் வழியே பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படிந்ததை வாரிக் குவிக்கிறார்கள். மழை ஓயாது பெய்து விளைச்சல் கெட்டதால் 2025இன் தொடக்கத்தில், கடல் சூழ்ந்த இந்நாட்டுக்கு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கடைகளில் விலை ஏறியதைச் செய்தித்தாள்கள் எழுதின. மழை நாட்களிற் பாத்தியோரம் வேலையற்று நின்றவர்கள் என்ன உண்டார்கள் என்பதை அவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.