ரோஸி என்னும் ராஜம்மாள்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ படம் பார்க்கச் செல்லும் நம்மவர், திரையில் தோன்றும் நடிகை எந்த ஜாதியாள் என்று விசாரித்த பின்னரோ டிக்கெட்டு வாங்குகின்றனர்? திருவாங்கூரில் ஒருகால் அவ்விசாரணை நடந்தது.

மலையாள நாட்டின் முதற் படமாகிய ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தவர் அகஸ்தீசுவரத்துத் தமிழராகிய ஜே. ஸி. டேனியல். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படச்சாலை நிறுவினார். படத்தை இயக்கியவரும் கதாநாயகராக நடித்தவரும் அவரே. குலஸ்திரீகள் காமிராவின் முன் நிற்க அஞ்சிய காலம். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகையும் ஒத்துவரவில்லை. ஈற்றில், புல்லறுத்து ஜீவித்துவந்த புலையர் வகுப்புப் பெண்மணி ஒருவர் முன்வந்தார். தமிழும் மலையாளமும் கலந்த காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகிய அவர்தாம் பி. கே. ரோஸி. நாளொன்றுக்கு 5 ரூபாய் கூலி. 10 நாள் வேலை.

படம் 1930ஆம் ஆண்டு (1928 என்பாரும் உளர்) திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் அரங்கேறிற்று. நடித்த அம்மையாருக்கோ உள்ளே இடமில்லை! ஊமைப்படமாதலின் அவர் நாவினின்று ஒரு சொல்லும் பிறக்கவில்லை. சரோஜினி என்னும் நாயர் மங்கையின் வேடம் பூண்டதே குற்றமாயிற்று. கதாநாயகன் அவர் கூந்தலிலிருந்த மலரை முத்தமிடும் கட்டத்தில் கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. அவர் அறுத்த புல்லைத் தின்ற பசுவின் பாலிலே தீட்டில்லை. அவர் சூடிய மலரிலே வந்துவிட்டது தீட்டு! கப்பலேறி இந்நாடு வந்தோரிலும் இந்தக் கணக்கை மூட்டையில் வைத்துக் கொணர்ந்தோர் இல்லாமலில்லை.

கல்லெறிந்தோர் அத்துடன் நிற்கவில்லை. அம்மையாரின் குடிசைக்கும் தீ வைத்தனர். அவர் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவிலுக்கு ஓடி, அந்த லாரியோட்டியையே மணந்து, ராஜம்மாள் என்னும் பெயருடன் 1988இல் இறக்குமட்டும் மறைந்து வாழ்ந்தார். மீண்டும் நடித்தாரல்லர். 1936இல் திருவாங்கூர் மகாராஜா ஆலயக் கதவுகளை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிட்டார். அப்போதும் ராஜம்மாள் ரோஸியாகத் திரும்பி வரவில்லை.

டேனியலும் பொருளிழந்து, பல் வைத்தியராய்ப் பிழைத்து, 1975இல் மாண்டார். அவர் பெயரால் கேரள அரசாங்கம் 1992இல் விருது ஏற்படுத்திற்று. ரோஸியின் பெயரால் திரைத்துறைப் பெண்டிர் ஒரு படச் சங்கம் தொடங்கியது 2019இல்தான். ‘விகதகுமாரன்’ படச்சுருளில் ஒரு துண்டும் எஞ்சவில்லை. ரோஸியின் முகமென்று இன்று காட்டப்படும் நிழற்படமும் ஐயத்துக்கிடமானதே.