விரல் நீளுமா?

வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை ஆளுநரே வந்து வடம் பிடித்து இழுப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். வடம் பிடிக்க விரலை மடக்கத் தெரிந்தால் போதும். பாகூர் வயலில் நாற்று நட அது போதாது. கட்டிலிருந்து ரெண்டு மூன்று நாற்றைப் பிரித்து, சேற்றில் ஊன்றி, சட்டென்று விரலை விடவும் வேண்டும். பக்கவாதம் வந்த கை திரும்புமா என்ற ஜோசியமே இந்த 'விடுவதில்'தான் இருக்கிறது!

கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் ஏடுகள் கையை விரித்துவிட்டன: பலமாகத் தாக்கினால் தீராது, லேசாக என்றாலும் சுலபமில்லை. ரெண்டாயிரம் வருஷம் இதேதான் பேச்சு. 1658-ல் ஸ்விட்சர்லாந்தின் வெப்ஃபர், இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, ரத்தக்கசிவுதான் காரணம் என்று காட்டினார். காரணம் தெரிந்தது. 'கை வந்துருமா டாக்டர்?' என்பதற்குப் பதில்?

அதற்கு 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ட்விட்செல், நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து கவனித்து எழுதினார். முதலில் கை விறைக்கிறது. பிறகு தோள், முழங்கை, விரல் என்று மடங்க ஆரம்பிக்கிறது. நீட்டுவது அப்புறம்தான். மடக்குவதற்கு முரட்டு நரம்புப் பாதைகளே ஓரளவு உதவும். விரலைத் தனித்தனியாக நீட்ட, மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் மெயின் லைன் பிழைத்திருக்க வேண்டும்.

2010-ல் நெதர்லாந்தில் ரின்ஸ்கே நைலாண்டும் சகாக்களும் 188 பேரைப் பார்த்தார்கள். இயந்திரம் கிடையாது, ஊசி கிடையாது. மூன்று நாளுக்குள் ரெண்டே கேள்வி. விரல் கொஞ்சமாவது நீளுதா? தோள் பக்கவாட்டில் தூக்குதா? ரெண்டும் முடிந்தவர்களில் 98 சதவிகிதம் பேருக்கு ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் வந்தது. ரெண்டும் முடியாதவர்களில் 25 சதவிகிதம் பேருக்குத்தான். இந்த 25-ஐ அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடாது. நாலு பேரில் ஒருவர்!

அந்த ஒருவர் யார்? நியூசிலாந்தின் கேத்தி ஸ்டினியர் குழு மண்டை மேல் காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்க்கிறது. அசையாத கையின் தசையில் சின்ன மின் அலை எழுந்தால் லைன் அறுபடவில்லை.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது கோரிமேட்டு ஜிப்மர். பாகூரிலிருந்து அங்கே வரும் குடும்பத்துக்குக் கேள்வி ஒன்றே: அடுத்த நடவுக்கு ஆள் வைக்கணுமா? எண்ணெய்க்கும் வேண்டுதலுக்கும் மாட்டை விற்குமுன், அந்த ரெண்டு அசைவையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காசு செலவில்லை.